பதினாறாம் நாளுக்கு முன்

2020 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. மேரிலாந்தில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியிருந்தேன். மகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்து, ஒன்றும் சொல்லாமல் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் கணையப் புற்றுநோயால் வாஷிங்டனில் தம் வீட்டிலேயே காலமாகிவிட்டார். வயது 87. அன்று மாலைதான் யூதர்களின் புத்தாண்டு பிறந்திருந்தது. அந்த வேளையில் இறப்பவர்களை அறவோராகக் கருதுவது அவர்கள் மரபு என்பதை அன்றிரவு தெரிந்துகொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு இருவரும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தோம். நீதிமன்றத்தின் பளிங்குப் படிகளில் அதற்குள் மக்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். கையில் மெழுகுவத்தி, வாயில் முகக்கவசம். தலைவர் என்று யாருமில்லாத கூட்டம். யாரோ ஒருவர் மெல்லிய குரலில் பாட, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இறந்தோருக்கான யூதப் பிரார்த்தனையும் அங்கே சொல்லப்பட்டது.

செய்தி வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. செனட் சபையில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியின் தலைவர் மிட்ச் மெக்கானலின் அறிக்கை வெளிவந்தது. முதலில் இரங்கல்; அதே மூச்சில், அதிபர் டிரம்ப் நியமிக்கும் நபருக்குச் செனட்டில் வாக்கெடுப்பு நடக்கும் என்ற அறிவிப்பு. மறுபக்கத்திலும் யாரும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஒரு நாளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்கு இணையம் வழியாகச் சேர்ந்த சிறு நன்கொடைகளின் தொகை ஒன்பது கோடி டாலரைத் தொட்டது. துக்கம் அனுசரிக்க அந்த நாட்டுக்குக் கிடைத்தது அந்த இரண்டு மணி நேரம்தான் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

எனக்கு அது ஏன் அவ்வளவு உறுத்தியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கும்பகோணத்தில் இறந்தபோது மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் நிலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டான். அவனிடம் பேராசை ஒன்றும் இல்லை. கடன்காரர் ஒருவர் வந்து போயிருந்தார், அந்தக் கவலை. பெரியப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "காரியம் முடியட்டும் தம்பி, பத்திரம் எங்கேயும் ஓடிடாது" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகுதான் மரப்பெட்டி திறக்கப்பட்டது. அந்தப் பதினாறு நாளும் அப்பா எங்களுக்கு அப்பாவாக மட்டும் இருந்தார். விட்டுப்போன சொத்தின் கணக்காக ஆகவில்லை. அந்த அவகாசத்தைத்தான் கின்ஸ்பர்க்குக்கு யாரும் தரவில்லை.

ஆனால், இதை வெறும் பண்பாட்டுக் குறை என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. நம் நாட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெற்றுவிடுகிறார். அவர் எந்த நாளில் வீட்டுக்குப் போவார் என்பது பதவியேற்கும் நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் மொத்தம் ஒன்பது நீதிபதிகள். தாமாக விலகினாலோ பதவிநீக்கம் செய்யப்பட்டாலோ ஒழிய ஆயுள் முழுதும் பதவி. அதிபர் நியமிக்க, செனட் ஒப்புதல் அளிக்க வேண்டும். கருக்கலைப்பு, வாக்குரிமை, துப்பாக்கிச் சட்டம், மருத்துவக் காப்பீடு என அந்த நாட்டு நாடாளுமன்றம் தீர்க்க முடியாமல் விட்டுவைத்த சண்டைகள் எல்லாம் கடைசியில் அந்த ஒன்பது பேரிடம்தான் வந்து நிற்கின்றன. பழமைவாதிகள் ஐந்து, தாராளவாதிகள் நான்கு என்று இருக்கும் மன்றம் கின்ஸ்பர்க் போன்ற ஒரு தாராளவாதியின் மரணத்தால் ஆறுக்கு மூன்று ஆகிவிடும் என்றால், நீதிபதியின் இதயத் துடிப்பையே அரசியல்வாதிகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். கின்ஸ்பர்க் மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் பாதி நாடு பதறியது, மறுபாதி காத்திருந்தது. 1999இல் தொடங்கி ஐந்து முறை அவரைப் புற்றுநோய் பிடித்தது. ஒரு மனுஷியின் உடல் இருபது ஆண்டுகள் இப்படிப் பொதுச் செய்தியாக இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இன்னொரு மரணம் நிகழ்ந்திருந்தது. 2016 பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா இறந்தார். பழமைவாத அணியின் பெரிய தூண் அவர். அன்றும் மெக்கானல் உடனே ஓர் அறிக்கை விட்டார்: தேர்தல் ஆண்டு என்பதால், அடுத்த அதிபர் வரும்வரை அந்த இடத்தை நிரப்பக் கூடாது. அதிபர் ஒபாமா மார்ச் மாதம் மெரிக் கார்லண்டை நியமித்தார்; 293 நாட்கள் அந்த நியமனம் கிடப்பில் கிடந்து, ஒரு விசாரணைகூட நடக்காமல் காலாவதியானது. தேர்தலுக்கு ஒன்பது மாதம் இருந்தபோது அவசரம் கூடாது என்றவர்கள், தேர்தலுக்கு ஏழு வாரம்கூட இல்லாதபோது தாமதம் கூடாது என்றார்கள். வெள்ளை மாளிகையும் செனட்டும் ஒரே கட்சியிடம் இருப்பதால் இந்த முறை நிலைமை வேறு என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அதை நான் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். என்னால் ஏற்க முடியவில்லை.

கின்ஸ்பர்க் யார் என்பதை அறிய அவருடைய ஒரே ஒரு வழக்கைப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். நியூ ஜெர்சியில் ஓர் ஆசிரியை 1972இல் பிரசவத்தின்போது இறந்துவிட்டார். ஆண் குழந்தை பிழைத்தது. கணவர் குழந்தையைத் தாமே வீட்டிலிருந்து வளர்க்க விரும்பி, சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து உதவி கேட்டார். கணவனை இழந்த தாய்க்குத்தான் அந்த உதவி உண்டு, மனைவியை இழந்த தகப்பனுக்கு இல்லை என்று அலுவலகம் கையை விரித்தது. பெண்ணுரிமைக்காக வழக்காடிய கின்ஸ்பர்க் இந்த ஆணுக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்றார். அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கக் கட்டிய பணத்துக்கு ஆணின் பணத்துக்குள்ள மதிப்பு இல்லையா, குழந்தையை வளர்ப்பது பெண்ணின் வேலை என்று சட்டம் எப்படி முடிவு கட்டலாம் என்பதுதான் அவர் வாதம். 1975இல் தீர்ப்பு எதிர்ப்பே இல்லாமல் எட்டுக்குப் பூஜ்ஜியம் என்று வந்தது. அந்தத் தகப்பன் 1993இல் அவருடைய நியமன விசாரணைக்கு வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். 1973 முதல் 1978 வரை ஆறு வழக்குகளில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஐந்தில் வென்றவர் கின்ஸ்பர்க். அந்த வெற்றிகள் ஒவ்வொன்றும் இப்படி ஒரு சின்ன வீட்டின் கதவைத் தட்டித் தொடங்கியவைதான்.

இந்த வழக்கு என்னைத் தொடுவதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா போய்விட்டார். அப்பாதான் தலை பின்னிவிட்டு, டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொடுத்து, பள்ளிக்கு அனுப்பினார். ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், என் அப்பாவைப் போன்ற ஒரு தகப்பனுக்கு நியாயம் கேட்டு ஒரு பெண் வழக்கறிஞர் நின்றார் என்பதை நாற்பது வயதுக்கு மேல் ஒரு நூலகத்தில் படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரும் தாயை இழந்த பெண்; உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்புக்கு முந்தைய நாள் அவருடைய தாய் இறந்தார்.

புதன்கிழமை, செப்டம்பர் 23. பெருந்தொற்றுக் காலம் என்பதால் மக்கள் அஞ்சலிக்கான ஏற்பாட்டை உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்கு வெளியே செய்திருந்தார்கள். அன்று காலை பேழை வந்தபோது, அவரிடம் உதவியாளர்களாக இருந்து இன்று வழக்கறிஞர்களாகவும் பேராசிரியர்களாகவும் ஆகிவிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் கறுப்பு உடையில் படிகளின் இருபுறமும் வரிசையாக நின்று அதை உள்ளே வரவேற்றார்கள். முதலில் உள் மண்டபத்தில் ஒரு சிறிய சடங்கு. யூத மதகுரு லாரன் ஹோல்ட்ஸ்பிளாட் பேசினார்: தன்னைக் கண்டுகொள்ளாத உலகில் பிறந்தும், அந்த உலகம் வேறு மாதிரி இருக்க முடியும் என்று கற்பனை செய்து காட்டுவது தீர்க்கதரிசியின் வேலை என்ற பொருளில். பிறகு தேசியக் கொடி போர்த்திய பேழையை வெளியே கொண்டுவந்து முன்வாசல் தூண்களுக்கு நடுவில் வைத்தார்கள். ஆபிரகாம் லிங்கனின் பேழையைத் தாங்குவதற்காக 1865இல் செய்த மரமேடைதான் இவருக்கும். "சட்டத்தின் கீழ் சம நீதி" என்று தூண்களுக்கு மேலே பொறித்திருக்கும் எழுத்துகள் பேழைக்கு நேர் உச்சியில் இருந்தன.

வரிசை பல தெருக்களைச் சுற்றி நீண்டிருந்தது. ஆறடிக்கு ஒருவராக நின்றோம். எனக்கு முன்னால் இளம்பெண் ஒருத்தி தோள்பையிலிருந்து வாக்காளர் பதிவுச் சீட்டுகளை எடுத்து வரிசையில் நின்றவர்களுக்கு நீட்டிக்கொண்டே வந்தாள். எனக்குப் பின்னால் கைத்தடியோடு நின்ற வயதான அம்மையார் வாங்க மறுத்துவிட்டார். "இன்றைக்கு வேண்டாம் பெண்ணே, இன்று நான் அவரைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்றார். அந்தப் பெண் கோபப்படவில்லை. "அவருடைய நாற்காலியைப் பற்றி அங்கே இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அம்மா. நாம் மட்டும் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்?" என்று கேட்டாள். கண்கள் சிவந்திருந்தன, அழுதுவிட்டு வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. என் கையிலும் ஒரு சீட்டு இருந்தது. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நான் அன்று அம்மையாரின் பக்கம்தான் இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று படிகளின் அடிவாரத்தை அடைந்தபோது, அங்கே எவரும் பேசவில்லை. நான்கைந்து உதவியாளர்கள் பேழையைச் சுற்றி அசையாமல் நின்றார்கள். என் மகள் அட்டையை வெட்டி, வெள்ளைத் தாளில் பூ வேலை செய்து, நீதிபதியின் கழுத்துப்பட்டை போல ஒன்றைச் செய்து கொண்டுவந்திருந்தாள். மாறுபட்ட தீர்ப்பு வாசிக்கும் நாட்களில் கின்ஸ்பர்க் கறுப்பு நிறத்தில் பளபளக்கும் ஒரு பட்டையை அங்கியின் மேல் அணிவார். அதைப் பார்த்தாலே அன்று என்ன வரப்போகிறது என்று மன்றத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். நீ ஏன் வெள்ளையில் செய்தாய் என்று மகளைக் கேட்டேன். இன்று அவர் யாரோடும் மாறுபட வேண்டியதில்லை அல்லவா, அம்மா என்றாள். அதைப் பூங்கொத்துகளுக்கு நடுவில் வைத்துவிட்டு நகர்ந்தோம்.

மறுநாள் டிரம்ப் அஞ்சலி செலுத்த வந்தார். கூட்டம் கூச்சலிட்டது. வாக்களித்து இவரை வெளியேற்றுங்கள் என்றும் அவருடைய ஆசைக்கு மதிப்பளியுங்கள் என்றும் முழக்கங்கள் எழுந்தன. புதிய அதிபர் பதவியேற்கும்வரை தம் இடத்தை நிரப்பக் கூடாது என்பது தம் மிகுந்த விருப்பம் என்று கின்ஸ்பர்க் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் பேத்தியிடம் எழுதச் சொல்லியிருந்தார். முழக்கம் அதைக் குறித்ததுதான். பேழையின் முன் கூச்சலிட்டது தவறு என்பது என் கருத்து, இன்றும் அதில் மாற்றமில்லை. துக்க வீட்டுக்குப் பகையாளி வந்தாலும் நாற்காலி எடுத்துப் போடுகிற ஊர் என்னுடையது. அந்தக் கடைசி விருப்பத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீதிபதியின் இருக்கை அவருடைய சொத்து அல்ல. உயில் எழுதிக் கொடுக்க முடியாது. அதைச் சட்டமாகக் கொண்டாட நமக்கு உரிமையில்லை. ஆனால், சாகிற நேரத்திலும் அவர் தம்மைப் பற்றிக் கவலைப்படாமல் தம் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதற்கு அது சாட்சி. அந்த அளவில் அது மதிப்புக்குரியது.

அந்த வாரமே இன்னொரு குற்றச்சாட்டும் எழுந்தது. 2013இலோ 2014இலோ, ஒபாமா அதிபராகவும் செனட் ஜனநாயகக் கட்சியின் கையிலும் இருந்தபோதே, எண்பதைத் தாண்டிய அவர் விலகியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்பது அது. அவரை நேசித்தவர்களே அதைச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் விலகியிருக்க வேண்டும். வேலையை முழு வீச்சில் செய்ய முடிகிறவரை இருப்பேன் என்ற அவர் பதிலில் உண்மை இருந்தது. ஆனால், அந்த மன்றத்தில் வீச்சு மட்டும் போதாது, காலமும் சேர வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? இதைச் சொல்வதால் என் மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. பேழை வெளியே இருக்கும்போது இதைப் பேசியதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

ஸ்கலியாவோடு அவருக்கு இருந்த நட்பை அந்த நாட்களில் எல்லோரும் எடுத்துப் பேசினார்கள். இருவருக்கும் ஓபரா இசையில் பித்து; 1994இல் இந்தியாவுக்கு வந்தபோது இருவரும் ஒரே யானையின் மேல் உட்கார்ந்திருக்கும் படம் உலகம் முழுக்கப் பரவியது. எனக்கு யானையைவிட முக்கியமாகத் தோன்றுவது 1996ஆம் ஆண்டு வழக்கு. வர்ஜீனியா ராணுவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்தது செல்லாது என்ற பெரும்பான்மைத் தீர்ப்பை கின்ஸ்பர்க் எழுதினார். எதிர்த்து எழுதியவர் ஸ்கலியா ஒருவர்தான். அவர் தம் எதிர்ப்பின் வரைவை முன்கூட்டியே கின்ஸ்பர்க்கிடம் கொண்டுவந்து கொடுத்தார், பதில் சொல்ல நேரம் கிடைக்கட்டும் என்று. அது தம் வார இறுதியைக் கெடுத்துவிட்டது, ஆனால் தம் தீர்ப்பை மேலும் வலுவாக்கியது என்று பிற்காலத்தில் கின்ஸ்பர்க் சொல்வார். எதிராளி தன் வாதத்தை ஒளித்து வைக்காமல் கையில் கொடுத்துவிட்டு, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பது எவ்வளவு பெரிய மரியாதை! 1986இல் ஸ்கலியாவைச் செனட் 98க்குப் பூஜ்ஜியம் என்று ஏற்றது. 1993இல் கின்ஸ்பர்க்கை 96க்கு 3 என்று ஏற்றது. அவர்கள் யார், எந்தப் பக்கம் என்று அன்றும் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பேழை நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போனது. அங்கே அரச மரியாதையோடு வைக்கப்பட்ட முதல் பெண்ணும் முதல் யூதரும் அவர்தான். பல ஆண்டுகளாக அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் வந்தார். கும்பிடவில்லை, சிலுவை போடவில்லை. பேழையின் முன் தரையில் கைகளை ஊன்றி மூன்று தண்டால் எடுத்துவிட்டு எழுந்து போனார். அந்த வாரம் முழுதும் நான் பார்த்த அஞ்சலிகளில் என்னை உடைத்துப் போட்டது அதுதான்.

சனிக்கிழமை, செப்டம்பர் 26 அன்று வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில், கின்ஸ்பர்க்கின் இடத்துக்கு நீதிபதி ஏமி கோனி பாரெட்டின் பெயரை டிரம்ப் அறிவித்தார். கின்ஸ்பர்க்கின் உடல் இன்னும் அடக்கம் செய்யப்படவில்லை. 29ஆம் தேதிதான் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் கணவர் மார்ட்டினின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பாரெட்டைக் குறை சொல்ல மாட்டேன். கொடி இன்னும் அரைக்கம்பத்தில் பறக்கிறது என்பதைச் சொல்லி, மறைந்தவருக்குத் தம் உரையிலேயே மரியாதை செலுத்தினார். ஆனால், உடல் மண்ணுக்குப் போவதற்கு முன் அந்தத் தோட்டத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக் கைதட்டியவர்களை நினைத்தால், என் பெரியப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அக்டோபர் 26 அன்று, தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, 52க்கு 48 என்ற கணக்கில் ஒப்புதல் முடிந்தது. 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையை அந்த மன்றம் ரத்து செய்தபோது, பெரும்பான்மையில் பாரெட்டின் வாக்கும் இருந்தது. வரிசையில் சீட்டு கொடுத்த அந்தப் பெண்ணின் சிவந்த கண்கள் அன்று எனக்கு நினைவுக்கு வந்தன. அவள் எதற்கு அழுதாள் என்பது எனக்கு அவ்வளவு தாமதமாகத்தான் முழுதாக விளங்கியது. எனக்கு அந்த மரணம் முடிந்துபோன ஒரு வாழ்வு. இருபது வயதுப் பெண்ணான அவளுக்கு அது இனி வரப்போகும் நாட்கள். இரண்டும் துக்கம்தான்.

நீதிமன்றத்துக்குள் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பதவியில் இருக்கும் நீதிபதி இறந்தால், அவருடைய நாற்காலிக்கும் அதன் முன்னால் உள்ள மேசைப் பகுதிக்கும் கறுப்புத் துணி போர்த்துவார்கள். மன்றத்தின் வாசலுக்கு மேலேயும் கட்டுவார்கள். 1873இலிருந்தாவது இது நடந்துவருகிறது. ஸ்கலியாவுக்கும் போர்த்தினார்கள், கின்ஸ்பர்க்குக்கும் போர்த்தினார்கள். பதினாறு நாள் கணக்கு அந்த நாட்டுக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே தடயம் அந்தத் துணி.

நம் கணக்குப்படி கின்ஸ்பர்க்குக்குப் பதினாறாம் நாள் அக்டோபர் 3, சனிக்கிழமை வந்தது. யாரிடமும் சொல்லாமல் அன்று மாலை பூஜை அலமாரியில் காமாட்சி விளக்கை ஏற்றினேன். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், மகள் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து வைத்திருந்த கின்ஸ்பர்க்கின் படத்தைச் சாய்த்து வைத்தேன். கொஞ்சம் பாயசம் செய்திருந்தேன். டிரம்ப் கொரோனா தொற்றோடு எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள ராணுவ மருத்துவமனையில் முந்தின நாள் சேர்க்கப்பட்டிருந்தார். தொலைக்காட்சியில் அந்த வாசலில் கொடிகளோடு நின்ற கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் ஒலியைக் குறைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தது நெடுநேரம் போலும்.

"யாருக்கு வேண்டிக்கிட்டீங்க?" என்றாள்.

"அவங்களுக்கு. தாத்தாவுக்கு. மருத்துவமனையில் இருக்கிறவருக்கும்."

அவள் ஒன்றும் சொல்லாமல் விளக்கின் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டாள்.